பரணில் இருந்த 34 கிலோ

பரணில் எலி குட்டி போட்டிருந்தது. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மேலே கட்டிப் போட்டிருந்த சாக்குகளில் ஒன்றை இறக்கிப் பிரித்தால், என் பழைய சுடிதார் டாப் ஒன்றைப் பஞ்சு பஞ்சாகக் குதறி உள்ளே மெத்தென்று கூடு கட்டியிருக்கிறது. எலிகூட ரகம் பார்த்திருந்தது. காட்டன் டாப்பைத்தான் குதறியிருந்தது. அதே சாக்கில் கிடந்த பாலியஸ்டர் துப்பட்டாவில் ஒரு பல்கூடப் படவில்லை.

நாங்கள் இருப்பது திருப்பூர். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நானும் சில வருடம் பவர் டேபிளில், அதாவது கம்பெனித் தையல் வரிசையில், பேட்லாக் (ஃபிளாட்லாக்) தையல் மெஷின் ஓட்டியவள்தான். இந்த ஊரில் ஒரு வீட்டில் துணி சேர்வதைச் சொல்ல வேண்டுமா? கம்பெனியில் செகண்ட்ஸ் என்று ஒதுக்குவது, சாம்பிள் பீஸ், தீபாவளிக்குக் கொடுத்தது என்று டி-ஷர்ட் வந்துகொண்டே இருக்கும். கிழிந்ததால் ஒதுக்கியது என்று பார்த்தால் பாதிகூடத் தேறாது. புதுசு வந்ததால் பழசானதுதான் அதிகம்.

நான்கு சாக்கு, பீரோவின் கீழ்த்தட்டு, கட்டில் பெட்டி எல்லாவற்றையும் ஹாலில் கொட்டி, காஸ் சிலிண்டர் நிறுக்கிற மாதிரியான தூக்குத் தராசில் மாட்டி எடை போட்டேன். 34 கிலோ. நாலு பேர் இருக்கும் வீடு. தராசு தப்பாகக் காட்டுகிறதோ என்று 5 கிலோ அரிசிப் பையை மாட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது.

முதலில் நினைத்தது சுலபமான வழி. கட்டிங் வேஸ்ட் வாங்கும் குடோன் ஒன்று வீட்டுக்காரருக்குப் பழக்கம். வண்டியில் ஒரு சாக்கை வைத்துக்கொண்டு போனோம். குடோன்காரர் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார், திரும்ப உள்ளேயே போட்டார். "வீட்டுத் துணி வேண்டாங்க்கா. பட்டன் இருக்கும், ஜிப் இருக்கும், இது காட்டனா பாலியா மிக்ஸானு யாரு பாத்துட்டு உக்காந்திருக்கறது?"

அவர் சொன்னது நியாயம்தான். அவர் குடோனில் இருப்பது கட்டிங் டேபிளில் இருந்து நேராக வந்த துண்டு. எந்த ரகம், எந்தக் கலர் என்று தெரிந்த சரக்கு. நீலம் தனி, கறுப்பு தனி, மெலாஞ்ச் (கலர் கலந்த நூல்) தனி என்று பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப் பிரித்ததை மெஷினில் போட்டுப் பிய்த்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்டு என்கிற வகை நூல் மில்லில் நூலாக்குவார்கள். கலர் பார்த்துப் பிரித்துவிட்டால் அந்த நூலுக்கு மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டதும், ஊரே ஸ்தம்பித்து நின்றதும் இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் ஒன்று, பிய்க்கும்போது இழை குட்டையாகிவிடும். அதனால் நூல் தடிமனாக வரும், பலமும் குறையும். புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்தால்தான் நிற்கும். பழைய பனியன் மறுபடி பனியனாவது நாம் நினைக்கும் அளவு நடப்பதில்லை. அது கால்மிதியாகவும் மாப் நூலாகவும் ஒரு படி கீழே இறங்குகிறது.

சரி, குடோன்காரர் செய்ய மாட்டேன் என்ற வேலையை நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

ரகம் பிரிப்பதற்கு என்னிடம் இருந்தது ஒரு அகல் விளக்கு, ஒரு இடுக்கி, தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டு. உள்தையலில் மடங்கியிருக்கும் ஓரத்தில் நாலைந்து இழை உருவி, முறுக்கி, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்ட வேண்டும். பருத்தி சட்டென்று பற்றும், காகிதம் எரிந்த வாசம் வரும், அணைந்த பிறகும் நுனி கனன்றுகொண்டிருக்கும். சாம்பலை விரலால் தொட்டால் பொடிந்து போகும். பாலியஸ்டர் சுடரைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும், உருகும், கறுப்பாகப் புகைவிடும். ஆறினதும் கடுகு மாதிரி ஒரு கெட்டி உருண்டை மிஞ்சும். பட்டும் கம்பளியும் முடி கருகின நாற்றம். சாம்பலும் வந்து நடுவில் கெட்டியாகவும் ஏதோ தட்டுப்பட்டால் அது கலப்பு.

இதைச் செய்த அன்று மாலை வீட்டில் யாருக்கும் தலைவலி போகவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து செய்யுங்கள். உருகின பாலியஸ்டர் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதற்குத்தான் தண்ணீர்த் தட்டு.

லேபிளை நம்பியிருந்தால் மோசம் போயிருப்பேன். காட்டன் என்று எழுதியிருந்த மூன்று குர்தி கலப்பு. மகளின் பள்ளிச் சீருடை மொத்தமும் கலப்பு. நெருப்பும் ஒரு இடத்தில் என்னை ஏமாற்றியது. ரேயான் நைட்டி பருத்தி மாதிரியே எரியும், அதே காகித வாசம், அதே சாம்பல். நல்லா உறிஞ்சுதே என்று இரண்டு நைட்டியைக் கிழித்து மாப் கட்டினேன். பத்து நாள்கூட ஆகவில்லை, பிழியும்போது கையோடு பிய்ந்து வந்தது. பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயான் நனைந்தால் பலம் போய்விடும். டெஸ்டு பண்ண நெருப்பு வேண்டியதில்லை, ஒரு இழையை எச்சில் தொட்டு இழுத்தால் போதும். நனைந்த இடத்தில் அறுந்தால் ரேயான். இது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மெஷின் ஓட்டின காலத்தில் தெரிந்து வைத்திருந்ததுதான்.

பிரித்து முடித்தபோது போட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தது மட்டும் 9 கிலோ 500 கிராம். அதாவது கால் பங்குக்கு மேல் துணிக்கு ஒன்றுமே ஆகவில்லை. பட்டன் போனது, கை ஓரம் பிரிந்தது, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பட்டன் வைத்தேன்.

இதைக் கொடுப்பதில்தான் நான் கொஞ்சம் கறாராக இருந்தேன். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் பழைய துணி மலை மாதிரிக் கிடந்தது. ஊர் ஊராக லாரியில் வந்தது. உயிர் பிழைத்து வந்தவர்கள் அதைத் தொடவில்லை. எதற்குத் தொட வேண்டும்? காலர் கிழிந்த சட்டையும் ஒற்றைக் கால் சாக்ஸும் மானத்தோடு வாழ்ந்த மனிதருக்கு உதவியா? டெல்லியில் 1999-ல் அன்ஷு குப்தா தொடங்கிய கூன்ஜ் அமைப்பு இந்த இடத்தைத்தான் மாற்றியது. ஊர் மக்கள் தங்கள் ஊருக்குக் கிணறோ பாதையோ வேலை செய்கிறார்கள், அந்த வேலைக்குக் கூலியாகத் துணி போகிறது. பிச்சை வாங்கும் கை என்று யாரும் இல்லை.

என் அளவில் செய்தது சின்ன வேலை. ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்டேன். "பெட்ஷீட் இருந்தா கொடுங்க. ஒம்பது பத்து வயசுப் பையனுக்குப் பேன்ட் இருந்தா கொடுங்க. உள்ளாடை வேண்டாம், அது புதுசாத்தான் வாங்குறோம்" என்றார்கள். கேட்டதை மட்டும் துவைத்து, அயர்ன் பண்ணி, அளவு எழுதிக் கட்டிக் கொடுத்தேன். மீதி பாத்திரக்காரம்மாவுக்கு. தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அவரைவிட நல்ல ரகம் பார்க்கிறவரை நான் பார்த்ததில்லை. சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார், அக்குளைப் பார்ப்பார், காலரைத் தடவுவார், முடிந்தது. 11 உருப்படி எடுத்துக்கொண்டு ஒரு எவர்சில்வர் போசி கொடுத்தார். அந்தத் துணியெல்லாம் சந்தையில் யாரோ காசு கொடுத்து, பேரம் பேசி வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அதுதான் மரியாதையாகப் படுகிறது.

கல்யாணப் பட்டு ஒன்றும் கிழிந்து கிடந்தது. பழைய பட்டு வாங்குகிறவர் ஜரிகையை உரசிப் பார்த்துவிட்டு "வெள்ளி இல்லீங்க, டெஸ்டடு" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். இத்தனை வருடம் பீரோவுக்குள் பூட்டி வைத்தது செம்புக் கம்பி. வீட்டுக்காரர் சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

இனி கால்மிதி. டி-ஷர்ட்டும் பனியனும் மட்டும் 6 கிலோ, கிட்டத்தட்ட 40 உருப்படி.

டி-ஷர்ட்டை நூலாக்குவது எப்படி என்றால், அக்குளுக்குக் கீழே குறுக்கே வெட்டி, அடி மடிப்பையும் வெட்டி எடுத்துவிட்டால் ஒரு குழாய் கிடைக்கும். பக்கவாட்டில் தையல் இல்லாத, வட்டப் பின்னலில் அப்படியே வந்த டி-ஷர்ட் என்றால் அதிர்ஷ்டம். குழாயைத் தரையில் விரித்து, ஒரு விளிம்பை மற்ற விளிம்பு வரை கொண்டுபோகாமல் 2 அங்குலம் விட்டு மடிக்க வேண்டும். மடித்த பக்கத்திலிருந்து 2 அங்குலத்துக்கு ஒரு வெட்டு, விட்டு வைத்த ஓரத்தைத் தொடாமல். கடைசிவரை வெட்டினதும், வெட்டாத அந்த ஓரத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, ஒரு வெட்டின் முனையிலிருந்து எதிரே உள்ள அடுத்த வெட்டுக்குச் சாய்வாக வெட்டிக்கொண்டே போனால், ஒரு டி-ஷர்ட்டில் 9 மீட்டருக்குக் குறையாமல் ஒரே நாடா வரும். அதைப் பிடித்து நன்றாக ஒரு இழு இழுத்தால் ஓரங்கள் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். சிங்கிள் ஜெர்ஸி, அதாவது சாதாரண மெல்லிய டி-ஷர்ட் துணிதான் இப்படிச் சுருளும். ரிப், இன்டர்லாக் மாதிரி மற்றப் பின்னல் எல்லாம் சுருளாமல் தட்டையாகவே நிற்கும். நெஞ்சில் பெரிய பிரின்ட் இருந்தால் அந்த இடம் ரப்பர் மாதிரி விறைத்துக்கொள்ளும், சுருளாது, அதை வெட்டி எறிந்துவிடுங்கள். நாங்கள் கம்பெனியில் பெருமையாக அடித்த பிரின்ட்தான் இங்கே வேலைக்கு ஆகாத பகுதி.

மூன்று நாடாவைச் சேர்த்துச் சடை பின்னி, அந்தச் சடையை நடுவிலிருந்து சுருட்டிச் சுருட்டி ஓரத்தோடு ஓரம் தைத்துக்கொண்டு போக வேண்டும். கேட்க ரொம்பச் சுலபம். டிவி பார்த்துக்கொண்டே மடியில் வைத்து, நல்லா இறுக்கி இறுக்கித் தைத்தேன். எட்டாவது சுற்றில் தூக்கிப் பார்த்தால் அது கால்மிதி இல்லை, கூடை. ஓரமெல்லாம் எழும்பி, தரையில் வைத்தால் சட்டி மாதிரி ஆடியது. காலால் மிதித்து அமுக்கினேன். எடுத்ததும் திரும்ப எழுந்துகொண்டது.

அத்தை அதைப் பார்த்துவிட்டு, "அம்மிணி, கூடை மொடையறவங்க கிட்டப் போயிக் கேளு, வெளிச்சுத்துக்கு ஓலை பத்தலைன்னு சொல்லுவாங்க" என்றார்கள். முழுக்க விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் விஷயம் அதில்தான் இருந்தது. கணக்கு இது: சடை ஒரு அங்குல அகலம் என்றால், ஒவ்வொரு சுற்றும் அதற்கு முந்தைய சுற்றைவிட 6 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். நான் இறுக்கி இழுத்ததில் அந்த ஆறு அங்குலத்தைக் கொடுக்காமல் சிக்கனம் பிடித்திருக்கிறேன். அதனால்தான் ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டு எழும்பியது. மடியில் வைத்துத் தைத்தது அடுத்த தப்பு. மடி குழிவாக இருக்கிறது, துணியும் குழிவாகத்தான் போகும்.

இரண்டாவதை மேஜைமேல் பரப்பி வைத்து, தூக்காமலே தைத்தேன். வளைவில் சடையை இழுக்காமல் சும்மா தளர்வாக விட்டுக்கொண்டு, உள்சுற்றில் இரண்டு தையலுக்கு ஒரு தடவை ஒரே புரியில் இரண்டு குத்துக் குத்தினால் தானாக இடம் கிடைக்கிறது. நூல் சாதாரணத் தையல் நூல் போதாது, சாக்குத் தைக்கும் நூல். 12 சுற்றில் 2 அடி அகலம் வந்தது. 6 டி-ஷர்ட் போனது. மொத்தம் 4 கால்மிதி செய்தேன். ஒன்று குளியலறை வாசலில் கிடக்கிறது, நல்லா உறிஞ்சுகிறது, ஆனால் காய ஒன்றரை நாள் எடுக்கிறது. அதனால் இரண்டை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. முதலாவது கூடை பூனைக்குப் படுக்கையாகிவிட்டது. அதற்கு அந்த எழும்பின ஓரம்தான் பிடித்திருக்கிறது.

ஜீன்ஸ் ஏழு, 4 கிலோ 500. 2019 ஜனவரி 1-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததும், 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்று அரசு ஆரம்பித்ததும் கைக்கு ஒரு பை என்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் தேங்காயும் பூசணிக்காயும் போட்டுத் தூக்க மஞ்சப்பை தாங்காது. ஜீன்ஸ் தாங்கும். பை தைக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு விஷயம் மட்டும்: 14-ம் நம்பர் ஊசியில் தைத்து மூன்று ஊசி முறித்தேன், 16 போட வேண்டும். தடித்த தையல் குறுக்கே வரும் இடத்தைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி அமுக்கிவிட்டு, அந்த இடத்தை மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்ட வேண்டும். கைப்பிடிக்குத் துணியை வெட்டாதீர்கள். இப்போது வரும் ஜீன்ஸில் லைக்ரா இருப்பதால் கைப்பிடி நீண்டு நீண்டு பை தரையைத் தொடும். காலின் பக்கவாட்டில் இரட்டைத் தையல் ஓடுகிறது பாருங்கள், அதை ஒன்றரை அங்குல அகலத்தில் அப்படியே வெட்டி எடுத்தால் நீளாத கைப்பிடி தயார்.

காட்டன் சேலை, வேட்டி, பெட்ஷீட் 7 கிலோ. இதில் ஒன்றும் வீணாகவில்லை, இதற்கு நான் எதுவும் கண்டுபிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. அத்தை நாள் முழுக்க எதையாவது கிழித்துக்கொண்டிருந்தார்கள். நைந்த எட்டு முழ வேட்டி முழுக்க என் நாத்தனார் மகளின் பிரசவத்துக்கு. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டோம், நூறு தடவை துவைத்துப் பூவாட்டம் ஆன வேட்டித் துண்டுதான் முதலில். கொதிநீரில் போட்டு, வெயிலில் காய வைத்து, சதுரம் சதுரமாக மடித்து ஒரு பையில் கொடுத்தனுப்பினோம். கட்டம் போட்ட துண்டெல்லாம் கரித்துணி, பிடிதுணி.

மூன்று சேலையை மட்டும் நான் பிடுங்கிக்கொண்டேன், போர்வைக்கு. ஒரு சேலையை இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கம் சேர்த்துத் தைத்தால் ஒரு ஆள் தாராளமாகப் போர்த்தும் அகலம் வருகிறது. அப்படி மூன்று அடுக்கு. அதிகம் கிழிந்தது நடுவில். மொட்டை மாடியில் விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்து, மூன்றையும் சேர்த்துப் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்ததுதான் தப்பு. நடுவுக்கு வரும்போது மேல் சேலை அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. எல்லாத்தையும் பிரித்து, நடுவிலிருந்து வெளியே நாலு பக்கமும் தைத்துக்கொண்டு வந்தபோது அடங்கியது. அப்புறம் தினம் ராத்திரி இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி ஓட்டுத் தையல், 40 நாளுக்கு மேல் ஆனது. மேலே வைத்த சிவப்புச் சுங்குடி சாயம் விடுமா என்று ஈரக் கைக்குட்டையை அழுத்திப் பார்க்காமல் விட்டதற்குத் தண்டனையாக, முதல் துவையலில் அடிச்சேலை ரோஸ் கலர் ஆகிவிட்டது. மகள் அதுதான் அழகு என்கிறாள்.

சின்தடிக் சேலை 4 கிலோவைப் பல்லடம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமா எடுத்துக்கொண்டார். காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் பயந்து வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டியிருப்பதை ரோட்டில் போகும்போது பார்த்திருப்பீர்கள். இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வெயிலில் ஒரு வருடம் கிடந்தால் அது இற்றுத் தூள் தூளாக மண்ணில் விழும். மக்காது. "இத்துப் போறதுக்கு முன்னாடி அவுத்துருங்க மாமா" என்று சொல்லித்தான் கொடுத்தேன். "சரி கண்ணு" என்றார். அவிழ்ப்பாரா என்பது மயில்களுக்கே வெளிச்சம்.

ஒரு பரீட்சை மட்டும் சும்மா ஆசைக்குச் செய்தேன். வீட்டுக்காரரின் ஓட்டைப் பனியன் ஒன்றை ஆடி மாதம் தென்னை மரத்தடியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, ஐப்பசியில் தோண்டினேன். முதலில் பனியனையே காணோம், வேறு இடத்தில் தோண்டுகிறேன் என்று நினைத்தேன். மண்வெட்டி நுனியில் ஏதோ மாட்டியது. கழுவி உள்ளங்கையில் விரித்தால், பனியன் இல்லை, பனியனின் எலும்புக்கூடு. துணி ஒரு பொட்டு இல்லை. ஓவர்லாக் தையல் நூல் மட்டும் கை வளைவும் கழுத்து வளைவுமாக அப்படியே இருந்தது, பக்கத்தில் லேபிள், அதில் துவைக்கும் குறிப்பு எழுத்துக் கலையாமல். துணி பருத்தி, தைத்த நூல் பாலியஸ்டர். அந்த மாதிரித் தையலை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பீஸ் ஓட்டியிருப்பேன் என்று நின்று யோசித்தேன். வீட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை என்றார்.

மிச்சம் 3 கிலோ: சீருடை, லெகிங்ஸ், பிரா, சாக்ஸ், எலாஸ்டிக் போன உள்பாவாடை. சீருடையையும் டி-ஷர்ட்டில் மிஞ்சின கை, தோள் துண்டுகளையும் சின்னச் சின்னதாக வெட்டித் திண்டுக்கு அடைத்தேன். பஞ்சு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கல் மாதிரி இருக்கிறது; முதுகுக்குச் சாய நன்றாக இருக்கிறது, தலைக்கு ஆகாது. லெகிங்ஸை நீளவாக்கில் வெட்டித் தக்காளிச் செடி கட்டினேன். அதன் இழுவை அதற்கு மட்டும் பொருத்தம், தண்டு பெருத்தாலும் அறுக்காது.

இவ்வளவுக்கும் பிறகு 1 கிலோ 800 கிராம் மிஞ்சியது. பிரின்ட் துண்டு, பிரா, லைக்ரா, பாலியஸ்டரும் பருத்தியும் ரப்பரும் ஒன்றோடொன்று தைத்த எதுவும். எரிக்க மனமில்லை, பிளாஸ்டிக்கை எரிப்பதும் அதுவும் ஒன்றுதான். குடோன்காரரிடம் காட்டினேன், சிரித்தார். ஒரு பையில் போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவால் எடையும் தேதியும் எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன். பரணில் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. போன வாரம் அத்தை ஏறிப் பார்த்துவிட்டு, எலி அதைத் தொடவில்லை என்றார்கள்.